ஆஸ்டினில் நான்கு வருடம் படித்தால் டெக்சாஸ்வாசி ஆகிவிட முடியுமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் கிரீன் கார்டுடன் வசிக்கிறோம். எங்கள் மகள் பள்ளிப் படிப்பை இங்கே முடித்துவிட்டு ஆஸ்டினில் கல்லூரியில் படிக்கிறாள். வரும் மே மாதம் பட்டம் வாங்குகிறாள். அடுத்து டெக்சாஸிலேயே மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். நான்கு வருடமாக அங்கேயே இருப்பதால் அவளை அந்த மாநிலத்தவளாக ஏற்பார்களா? டல்லாஸில் இருக்கும் என் தம்பி வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா? ஆஸ்டினில் ஒரு வீடு வாங்கிவிட்டால் போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் மகள் இன்றைய நிலையில் டெக்சாஸ்வாசி இல்லை. நான்கு வருடம் இருந்தாலும், அவர் அங்கே போனது படிக்க. எத்தனை நாள் தங்கினார் என்பதை விட எதற்காகத் தங்கினார், யார் செலவில் தங்கினார் என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

டெக்சாஸ் அரசு மருத்துவக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவருக்கு 10 சதவீத இடங்களுக்கு மேல் தரக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் இது கட்டண வித்தியாசத்தோடு முடிகிற விஷயம் இல்லை. இடம் கிடைப்பதே இதைப் பொறுத்துத்தான்.

அந்த மாநிலக் கல்விச் சட்டம் மூன்று வழிகள் தருகிறது. ஒன்று, டெக்சாஸ் பள்ளியில் படித்து முடித்தவர்களுக்கானது. அது உங்களுக்குப் பொருந்தாது. இரண்டாவது, பெற்றோர் டெக்சாஸில் நிரந்தரமாகக் குடியிருந்தால், அவர்களைச் சார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அந்தத் தகுதி வரும். நீங்கள் நியூ ஜெர்சியில் இருக்கும்வரை இந்த வழியே அவரை நியூ ஜெர்சிக்காரர் ஆக்கிவிடுகிறது. வருமான வரிக் கணக்கில் அவரைச் சார்ந்திருப்பவராகக் காட்டாமல் விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். காட்ட முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. 24 வயதுக்குள் இருக்கும் முழுநேர மாணவர் உங்கள் பணத்தில் வாழ்ந்தால், காட்ட முடியும். ஒரு வருடத்தில் ஐந்து மாதம் முழுநேரமாகப் படித்திருந்தாலே அந்த வருடத்துக்கு அவர் மாணவர்தான். மே மாதம் பட்டம் வாங்குகிறவருக்கு இது முக்கியம். உங்கள் வரிக் கணக்காளரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

மூன்றாவது, அவரே சொந்தக் காலில் நின்று டெக்சாஸில் 12 மாதம் நிரந்தரமாகக் குடியிருப்பது. உங்களுக்கு இருக்கும் நல்ல வழி இதுதான். இதற்கு வலுவான ஆதாரம் சம்பள வேலை. வாரத்துக்குச் சராசரியாக 20 மணி நேரமாவது இருக்க வேண்டும். மாணவர் என்பதால் கிடைக்கும் வளாக வேலைகளும் உதவி ஆசிரியர் பணிகளும் கணக்கில் வராது. பட்டம் வாங்கியபின் ஒரு மருத்துவமனையில் மருத்துவருக்குக் குறிப்பெடுத்துத் தரும் ஸ்கிரைபாகவோ, ஹூஸ்டன் ஆய்வுக்கூடங்களில் ஒன்றில் உதவியாளராகவோ சேர்ந்தால் அது கணக்கில் வரும். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்கும் அந்த அனுபவம் கைகொடுக்கும். ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது எல்லாம் துணை ஆதாரங்கள்தான். அவை மட்டும் இருந்தால் போதாது.

வீடு வாங்கும் யோசனை: வீடு அவர் பெயரில் இருந்து, அவர் அதிலேயே வசித்தால்தான் உதவும். நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு உங்கள் பெயரில் வாங்கினால் பயனில்லை. இதற்காக மட்டும் கடன் வாங்க வேண்டாம்.

தம்பி முகவரி வேண்டவே வேண்டாம். சித்தப்பா பாசத்தில் அப்பாவுக்குச் சமமாக இருக்கலாம், ஆனால் சட்டத்தில் அவர் பெற்றோர் ஆகமாட்டார். சொன்னது எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடுவது உங்கள் மகள். பொய் என்று பிறகு தெரிந்தால் கிடைத்த இடமே பறிபோகலாம். மருத்துவராகப் போகிற பிள்ளையின் கோப்பில் அப்படி ஒரு கறை விழவே கூடாது.

இனி கால அட்டவணை. ஜூனில் வேலையில் சேர்ந்தால் அடுத்த ஜூனில் 12 மாதம் முடியும். டெக்சாஸ் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன்பே அது முடிந்திருக்கும்படி பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. அப்படியென்றால் கல்லூரியில் சேர அதற்கடுத்த கோடை வந்துவிடும். இடையில் இரண்டு வருடம் போகும். இதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நியாயம் செய்ததாகாது.

அப்புறம், டெக்சாஸ்வாசி ஆனால் நியூ ஜெர்சித் தகுதி போய்விடும். ரட்கர்ஸ் போன்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் இன்று அவருக்கு உள்ளூர்க்காரர் என்ற சலுகை இருக்கிறது. இரண்டு மாநிலத்திலும் அதைக் கேட்க முடியாது. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் மதிப்பெண் நன்றாக இருந்தால், முதலில் நியூ ஜெர்சிக்காரராகவே விண்ணப்பிக்கச் சொல்வேன். எப்படியும் ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் படிக்கப் போகிறார் என்றால், டெக்சாஸ் வேலை சரியான முடிவு. இப்போது மாணவியாக இருந்தது பிற்பாடு அதற்குத் தடையாகாது. மாணவரை நிரந்தரமாக வெளிமாநிலத்தவர் என்று முத்திரை குத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் விளாண்டிஸ் எதிர் கிளைன் வழக்கில் சொல்லிவிட்டது.

எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த விசாவில் டெக்சாஸ்வாசி என்ற தகுதியைக் கோரலாம். 21 வயது முடிந்து மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறினால், எஃப்-1ஐ வைத்துக் கோர முடியாது. பிள்ளைக்கு 20 வயது ஆவதற்குள் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.