எங்கள் அடுக்குமாடியில் வீல்சேருக்கு ராம்ப் போட அசோசியேஷன் மறுக்கிறது. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கும், ஆனால் லிஃப்ட் வாசலுக்கு முன்னால் நாலைந்து படிகளும் இருக்கும் என்று நினைக்கிறேன். கீழே பார்க்கிங் விட்டுக் கட்டிய பல அடுக்குமாடிகளில் இதே கதைதான். சேலம் அழகாபுரத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்திலும் ஐந்து படிகள் இருந்தன.

எனக்குச் சிறுவயதில் போலியோ. காலைத் தாங்கும் காலிப்பர் கருவி போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து அந்தப் படிகளைப் பல வருடங்கள் ஏறியவன் நான். போலியோ வந்தவர்களுக்குப் பல வருடங்கள் கழித்து மிச்சமிருந்த தசையும் பலம் குறைவது உண்டு. ஐம்பதைத் தாண்டியதும் எனக்கும் அப்படி ஆகி, வீல்சேருக்கு மாறினேன். அதன்பின் வாட்ச்மேன் அண்ணன்தான் என்னைத் தூக்கி மேலே கொண்டுபோய் வைப்பார். அவருக்கு என்னைவிட வயது அதிகம். கூட்டத்தில் ராம்ப் கேட்டபோது, "அதான் தூக்கிவிட ஆள் இருக்காருங்களே" என்றார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, வளர்ந்த ஒரு மனிதனை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போவதை நான் உதவி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொருவர் கேட்டது இதைவிட வலித்தது: "ஏற்காடு வரைக்கும் காரை நீங்களே ஓட்டிட்டுப் போறீங்க, இந்த அஞ்சு படி ஏற முடியாதா?" பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் கையில் இயங்கும்படி மாற்றிய கார் அது. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நானே ஓட்டிக் கடக்கிறேன், உண்மைதான். ஆனால் மேலே போய் விடுதி வரவேற்பறைக்குள் நுழையவே மூன்று படிகள். போனில் அறை பதிவு செய்யும்போது "எல்லா வசதியும் இருக்கு சார்" என்றவர்கள், நேரில் போனதும் ரெண்டு பையன்களைக் கூப்பிட்டார்கள், தூக்குவதற்கு. நான் உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, ராம்புக்கு வருகிறேன். ரொம்ப நாள் கேட்டபிறகு எங்கள் அசோசியேஷன் ஒன்று போட்டுக் கொடுத்தது. எட்டடி நீளத்தில், பைக் ஏற்றுவதற்குப் போடுவார்களே, அப்படி ஒரு சிமெண்ட் சரிவு. ஒரு படி ஆறு அங்குலம் என்றால் ஐந்து படிக்கு இரண்டரை அடி உயரம். ராம்புக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதுதான் கணக்கு, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். எங்களுக்கு முப்பதடி வேண்டும். எட்டடிச் சரிவில் நானே தள்ளி ஏற வழியே இல்லை. பின்னால் ஒருவர் பிடித்தாலும் வண்டி சரிகிறது. இது படியைவிட மோசம். ஏனென்றால் அதற்குப்பின் எதைக் கேட்டாலும் "போட்டாச்சே" என்ற பதில்தான் வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், ராம்ப் என்று மட்டும் கேட்காதீர்கள், அளவோடு கேளுங்கள். அகலம் நாலடி, இருபக்கமும் கைப்பிடி, திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம். எங்கள் மாடியிலேயே இருந்த சிவில் இன்ஜினியர் தம்பி ஒருவர், முப்பதடியைப் பதினைந்து பதினைந்தாக மடக்கிப் பார்க்கிங் சுவரோரமாக வரைந்து கொடுத்தார். அதைக் காட்டியபோதுதான் உண்மையான எதிர்ப்பு எங்கே என்று தெரிந்தது. பணத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அங்கே பைக் நிறுத்துகிறவர்கள்தான் விடவில்லை. என் கார் இடத்தில் ஓரமாக அவர்கள் நிறுத்திக்கொள்ள ஒப்புக்கொண்டேன், வேலை நடந்தது. அதை நீங்களும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. யாருக்கு எந்த இடம் போகிறது என்பதை முதலிலேயே பார்த்து, அவரிடம் தனியாகப் பேசிவிடுங்கள்.

"வயசானவங்களுக்கும் உதவும், கேஸ் சிலிண்டர்காரருக்கும் உதவும் என்று சொல்லிக் கேளுங்கள்" என்று பலர் யோசனை சொல்வார்கள். உண்மைதான், எங்கள் ராம்பை எல்லோருமே பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒருவன் தன் வீட்டுக்குப் போக நாலு பேருக்கு லாபம் காட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

சட்டம் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். நான் வக்கீல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. பழைய கட்டடங்களை மாற்றச் சொல்லும் அதன் 45-ஆம் பிரிவு பொதுக் கட்டடங்களைப் பற்றியது. தனியார் குடியிருப்புக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, அதை வைத்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். அப்படியும் மசியவில்லை என்றால், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்துமூலம் மனு கொடுத்து, அதன் நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் கொடுங்கள்.

ஒத்துக்கொண்டார்கள் என்றால் அன்றைக்கே மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நீளம், அகலம், கைப்பிடி எல்லாம் அதில் வர வேண்டும். "ராம்ப் அமைக்க முடிவு செய்யப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.