பழைய கேசியோ கீபோர்டுக்கு ரவுட்டரின் அடாப்டரைப் போடலாமா?

கேள்வி: குளச்சல் பக்கம் எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் ஒரு பழைய கேசியோ கீபோர்டு இருக்கிறது. அதன் அடாப்டர் வேலை செய்யவில்லை. வீட்டில் ரவுட்டரோடு வந்த 12 வோல்ட் அடாப்டர் கிடக்கிறது. பின் சரியாகப் பொருந்துகிறது. போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். பின் உள்ளே நுழைகிறது என்றால் அளவு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அதன் வழியே வரும் மின்சாரம் உங்கள் கீபோர்டுக்கு ஏற்றதா என்பதைப் பின்னைப் பார்த்து அறிய முடியாது.

கீபோர்டில் அடாப்டர் செருகும் துளையின் அருகே பாருங்கள். எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே சிறிய படம் ஒன்று இருக்கும்: நடுவில் புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம், இரு புறமும் பிளஸ், மைனஸ். புள்ளியிலிருந்து புறப்படும் கோடு எந்தக் குறியில் போய் முடிகிறதோ, அதுதான் பின்னின் உட்பக்கம். பழைய கேசியோக்களுக்கான ஏடி-5 என்ற 9 வோல்ட் அடாப்டரில் உள்ளே மைனஸ், வெளியே பிளஸ். ரவுட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஆகவே உங்கள் கையில் இருப்பது 3 வோல்ட் கூடுதலாகத் தருவதோடு, மின்சாரத்தைத் தலைகீழாகவும் செலுத்தக்கூடும். உள்ளே இருக்கும் பலகை எரிந்தால் பழைய மாடலுக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிது.

கேசியோ என்ற பெயரை மட்டும் சொல்லியும் வாங்காதீர்கள். பின்னாளில் வந்த கேசியோ கீபோர்டுகள் பலவற்றுக்கு 9.5 வோல்ட் அடாப்டர். அதில் பிளஸ் உள்ளே. யமஹாவின் சிறிய கீபோர்டுகள் பலவற்றுக்கு 12 வோல்ட். ஆறு பேட்டரி போடுகிறோம், ஆறு ஒன்றரை ஒன்பது, எனவே 9 வோல்ட்தான் என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். அந்த யமஹாக்களும் ஆறு பேட்டரியில்தான் ஓடுகின்றன. கருவியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புங்கள்.

ஆம்பியரைப் பற்றிய பயம் வேண்டாம். ஏடி-5 தருவது 850 மில்லியம்பியர். நீங்கள் 1 ஆம்பியரோ 2 ஆம்பியரோ வாங்கலாம். கீபோர்டு தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். குறைந்தால்தான் தொல்லை: அடாப்டர் சூடேறும், ஒலியைக் கூட்டியதும் கீபோர்டு அணைந்துவிடும்.

கடையில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனமான பழைய வகை அடாப்டர் எதிலும் செருகாத நிலையில் 9 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். அது பழுது அல்ல. எடை குறைந்த புதிய வகை 9 வோல்ட்டை ஒட்டியே நிற்க வேண்டும். ஆனால் இந்த வகையில் மலிவானவை சில, கீபோர்டை ஆலய ஒலிபெருக்கியோடு இணைத்ததும் இடைவிடாத இரைச்சலைக் கிளப்பும். பாடலுக்கு நடுவே அதைக் கேட்பது வேதனை. ஆகவே ஆம்ப்ளிஃபயரோடு சோதித்துப் பார்த்து, சரியில்லையென்றால் மாற்றித் தரும் கடையாகப் பாருங்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

இத்தனைக்கும் முன்பு, பழையது உண்மையிலேயே கெட்டுவிட்டதா? பல நேரம் பின்னை ஒட்டிய இடத்தில் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும். கடலோர உப்புக்காற்றில் பின்னில் பச்சை பிடித்திருக்கவும் கூடும். பின்னை மட்டும் மாற்றி சால்டர் வைத்தால் முடிந்துவிடும். பிளஸ், மைனஸ் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, இடி மின்னலுக்கும் குறைவில்லை. ஆராதனை முடிந்ததும் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, அடாப்டரைப் பிளக்கிலிருந்தே கழற்றி வையுங்கள்.

நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ போகும்போது கீபோர்டையும் பழைய அடாப்டரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு பேட்டரிகளே போதும்.