தோட்டத்து ஷெட்டுக்கு மின்சாரம்: ரோமெக்ஸ் கேபிளைப் பைப்புக்குள் இழுக்கலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

நியூஜெர்சியில் நீங்கள் வாங்கியிருக்கும் வீட்டின் பின்புற ஷெட்டுக்கு ஒரு விளக்கும் ஒரு பிளக் பாயிண்டும் வேண்டும் என்றும், பேஸ்மென்டில் மீந்து கிடக்கும் மஞ்சள் ரோமெக்ஸ் கேபிளை (ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் பல வயர்கள் இருக்கும், வீட்டுக்குள் ஓட்டும் கேபிள்) பி.வி.சி. பைப்புக்குள் இழுத்து மண்ணில் புதைத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். புதைக்கக் கூடாது. பைப்புக்குள் போட்டாலும் கூடாது.

சுவரைக் கொத்திப் பைப் பதித்து அதற்குள் ஒற்றை வயர்களை இழுக்கும் முறையைத் தமிழ்நாட்டில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இங்கே மரச்சட்டங்களில் ஸ்டேபிள் அடித்துக் கேபிளை அப்படியே ஓட்டியிருப்பது அரைகுறை வேலையாகத் தெரியும். பைப்புக்குள் போனால் எந்த வயருக்கும் பாதுகாப்புக் கூடும் என்று நினைப்பதும் இயல்பே. ஆனால் பைப் வயரை அடிபடாமல்தான் காக்கும், ஈரத்திலிருந்து காக்காது. மண்ணுக்குள் இருக்கும் பைப்பில் மழைநீர் கசியும், வெளியில் நிற்கும் பைப்பின் உட்புறம் குளிர்காலத்தில் வியர்க்கும். அதனால்தான் அமெரிக்க மின் வயரிங் விதித்தொகுப்பான நேஷனல் எலெக்ட்ரிக்கல் கோட், மண்ணில் புதைந்த பைப்பின் உட்புறத்தையும் வெளிச்சுவரில் மழைபடும் இடத்தில் செல்லும் பைப்பின் உட்புறத்தையும் ஈரமான இடமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ரோமெக்ஸுக்கான 334ஆம் பிரிவோ அந்தக் கேபிளை ஈரமான இடத்தில் அனுமதிப்பதில்லை. அதன் உறைக்குள் எர்த் வயரைச் சுற்றியிருக்கும் காகிதம் நீரை உறிஞ்சி நெடுந்தூரம் கடத்தும் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த விதியின் நியாயம் புரியும்.

உறையை உரித்து உள்ளிருக்கும் வயர்களைத் தனித்தனியாக இழுக்கலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். அந்த வயர்களின் மேல் வகையும் தரமும் அச்சிடப்பட்டிருக்காது. எதற்கு ஏற்றவை என்று காட்ட வழியில்லாத வயரை, மின் வேலையைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர் ஏற்கமாட்டார்.

வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் ரோமெக்ஸைப் பைப்புக்குள் போடத் தடையில்லை. பேஸ்மென்டின் திறந்த சுவரில் இறங்கும் கேபிளுக்கு அடிபடும் வாய்ப்பு இருந்தால், பைப் போடும்படி அந்த விதித்தொகுப்பே கேட்கிறது. கேபிள் நுழையும் வாயில் உறை கிழியாமலிருக்கப் புஷ்ஷிங் என்னும் வழவழப்பான வளையம் வைக்க வேண்டும். உறை முழுதாக, இணைப்பு கொடுக்கும் மின் பெட்டிக்குள் கால் அங்குலமாவது வர வேண்டும். பைப்பின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது தட்டைக் கேபிளின் அகலத்தையே விட்டமாகக் கொண்டு வட்டப் பரப்பைக் கணக்கிட வேண்டும். ஒரு கேபிள் என்றால் பைப்பின் உட்பரப்பில் 53 சதவீதம் வரையும், இரண்டு என்றால் 31 சதவீதம் வரையுமே நிரப்பலாம். சிகாகோவில் இருக்கும் நண்பர்கள் ரோமெக்ஸே கூடாது என்பார்கள். அந்நகரத்தின் விதி அப்படி, உங்கள் ஊருக்கு அது பொருந்தாது.

ஷெட்டுக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. நேரடியாக மண்ணில் புதைக்கவென்றே செய்யப்படும் யு.எஃப். கேபிளை 24 அங்குல ஆழத்தில் போடலாம், ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) பாதுகாப்புள்ள, 120 வோல்ட், 20 ஆம்பியருக்கு மிகாத வீட்டு இணைப்பு என்றால் 12 அங்குலம் போதும். நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி: 18 அங்குல ஆழத்தில் பி.வி.சி. பைப்பைப் பதித்து, ஈரத்தைத் தாங்கும் டி.எச்.டபிள்யூ.என். ஒற்றை வயர்களை, பச்சை எர்த் வயரையும் சேர்த்து, அதற்குள் இழுப்பது. பைப்பைச் சற்றுப் பெரிதாகப் போட்டுவைத்தால், பின்னாளில் ஷெட்டைப் பட்டறையாக்க நினைத்தாலும் மண்ணை மறுபடி தோண்டாமல் வயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மண்ணிலிருந்து வெளியே எழும் பகுதியில், அடிபடும் இடமென்றால், தடித்த ஸ்கெட்யூல் 80 பைப்பையே பயன்படுத்துங்கள். ஷெட்டில் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சுவிட்சும் இருக்க வேண்டும்.

முதலில் நகராட்சி அலுவலகத்தில் பர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள். தோண்டுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே 811 என்ற எண்ணை அழைத்தால், பொதுக் கேஸ், மின் இணைப்புகள் மண்ணுக்கடியில் செல்லும் இடங்களை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். பைப்பைப் பதித்த பிறகு, இன்ஸ்பெக்டர் வந்து ஆழத்தைப் பார்த்து ஒப்புதல் தரும்வரை பள்ளத்தை மூடாதீர்கள்.