பதினொரு பேரின் பனிச்சறுக்குக்கு ஒருவருடைய கடன் அட்டை

கேள்வி: லண்டனுக்கு வெளியே வசிக்கிறோம். பிள்ளைகளுக்கு வயது 12, 9. வருகிற பிப்ரவரி ஹாஃப் டேர்ம் (பள்ளிப் பருவத்தின் நடுவில் வரும்) விடுமுறையில் பிரான்சின் வால் தொரான்ஸுக்குப் பனிச்சறுக்குப் போகலாம் என்று கணவரின் அண்ணன் பேச்சை எடுத்தார். அவர் குடும்பம் நான்கு பேர், நாத்தனார் குடும்பம் மூன்று பேர், நாங்கள் நான்கு பேர். விமானம், தங்குமிடம், லிப்ட் பாஸ் (மலைமேல் ஏற்றிச்செல்லும் கம்பிவண்டிக்கான அனுமதி), பயிற்சி, சாதன வாடகை எல்லாம் சேர்த்து 14,600 பவுண்டு. எங்கள் பங்கு 5,600. அதில் பிள்ளைகளின் பயிற்சி 430, நால்வரின் சாதன வாடகை 350. எப்போதும்போல என் பெயரிலேயே முன்பதிவு செய்து, முன்பணம் 3,300-ஐக் கடன் அட்டையில் போட்டுவிட்டு, மீதி 11,300-க்குப் பயண நிறுவனம் தரும் 24 மாதத் தவணையை (ஆண்டு வட்டி 19.9%) எடுக்க நினைக்கிறேன். அண்ணன் தன் பங்கை ஏலச் சீட்டு எடுத்ததும் தருவார். அட்டையில் ஏற்கெனவே 6,200 நிலுவை, வட்டி 24.9%, மாதம் 180 கட்டுகிறேன். அதில் 3,400, டெனெரிஃப் பயணத்துக்கும் ஒரு கல்யாணத்துக்கான விமான டிக்கெட்டுக்கும் இந்த இரண்டு குடும்பங்களுக்காக நான் போட்டது. சேமிப்பு 4,000. அட்டைத் தவணையைக் கட்டுவதற்கு முன் மாதம் 650 மிஞ்சும். இந்தத் தவணைத் திட்டம் நல்லதா? அட்டையில் போட்டால் பாதுகாப்பும் 75 பவுண்டு பெறுமான புள்ளிகளும் கிடைக்குமே? பள்ளி நாட்களில் போனால் மலிவு, அபராதம் 80 பவுண்டுதான் என்கிறார் நாத்தனார். சரியா?

பதில்: தவணைத் திட்டத்துக்குப் பிறகு வருகிறேன். உங்கள் பணத்தைத் தின்றுகொண்டிருப்பது வேறொன்று. உறவினர்களுக்காக முதலில் நீங்களே பணத்தைப் போட்டுவிடுகிறீர்கள், பிறகு திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிறீர்கள். இந்தப் பழக்கம் நிற்காதவரை, மலைக்குப் போனாலும் கடற்கரைக்குப் போனாலும் கணக்கு ஒன்றுதான்.

6,200 பவுண்டுக்கு 24.9% என்றால் மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 115. நீங்கள் கட்டும் 180-இல் அசலைக் குறைப்பது 65 பவுண்டுதான். புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தாலும் இந்தக் கடன் தீர நாலரை ஆண்டுக்கு மேல் ஆகும். இதில் உறவினர்களுக்காகப் போட்ட 3,400-க்கான வட்டி மாதம் 63, ஆண்டுக்கு 760 பவுண்டு. பிள்ளைகளின் பயிற்சிக்கும் நால்வரின் சாதன வாடகைக்கும் சேர்த்து நீங்கள் எழுதியிருப்பது 780. அவர்கள் முடித்துவிட்டு வந்த பயணங்களுக்காக, உங்கள் பிள்ளைகள் பனியில் கற்றுக்கொள்வதற்கான பணத்தை ஆண்டுதோறும் நீங்கள் வங்கிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு இது தெரியாது என்றே நினைக்கிறேன். நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

இப்போது புதிய திட்டம். 11,300-ஐ 24 மாதத் தவணையில் எடுத்தால் மாதம் சுமார் 565 கட்ட வேண்டும். மொத்த வட்டி 2,275-ஐ ஒட்டி வரும். பழைய 180-ஐயும் சேர்த்தால் 745. உங்களிடம் மிஞ்சுவது 650. உறவினர்கள் ஒரு மாதம் தாமதித்தாலே பள்ளம் விழுகிறது. அட்டையில் நிலுவை இருக்கும்போது புதிதாக வாங்குவதற்கு வழக்கமான வட்டியில்லா நாட்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே 3,300 முன்பணத்துக்கு அன்றிலிருந்தே வட்டி ஓடும், மாதம் 60 பவுண்டுக்கு மேல். 75 பவுண்டுப் புள்ளிகள் ஆறு வாரம்கூடத் தாங்காது. நிலுவை வைத்திருப்பவர்களுக்குப் புள்ளிகளைக் காட்டி அட்டையைத் தேய்க்கவைப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வியாபாரம். பயணத்தை இப்போது முடித்துக்கொண்டு பணத்தைப் பிறகு கட்டச் சொல்லும் தவணைத் திட்டங்களும் அப்படித்தான். பனி உருகிய பிறகும் ஓராண்டுக்கு மேல் தவணை மிச்சம் இருக்கும்.

அண்ணனின் சீட்டு விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏலச் சீட்டில் முன்னதாக எடுப்பவர் கழிவு கொடுக்க வேண்டும். பொறுத்திருந்து கடைசியில் எடுப்பவருக்குக் கைக்கு அதிகம் வரும். அவர் ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போட்டால் அது அவருக்கு லாபம், அந்த மாத வட்டி உங்களுக்கு நஷ்டம். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஆனால் தள்ளிப்போடுவதால் அவருக்கு நன்மை கிடைக்கும்படி ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டு, சீக்கிரம் தருவார் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

இன்னொன்று, பலரும் படிக்காமல் கையெழுத்திடும் விதி. ஒரே முன்பதிவில் முதல் பெயர் யாருடையதோ, அவரே பொதுவாக முழுத் தொகைக்கும் பொறுப்பு. மீதிப் பணம் பெரும்பாலும் புறப்படுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வாரங்களுக்கு முன் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு யாராவது விலகினால் ரத்துக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும்; கடைசி வாரங்களில் பெரும்பாலும் எதுவும் திரும்பாது. பதினொரு பேருக்கென எடுத்த வீட்டின் வாடகை, எட்டுப் பேர் வந்தாலும் குறையாது. நாத்தனாருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்று ஜனவரியில் தெரியவந்தால் அந்த நஷ்டம் உங்கள் தலையில்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டது நியாயம். 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு நல்ல சட்டம்தான். 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்கு மிகாத விலையுள்ள ஒன்றை வாங்கி, விற்றவர் ஏமாற்றினாலோ திவாலானாலோ அட்டை நிறுவனத்திடம் கேட்கலாம். ஒரு பகுதியை மட்டும் அட்டையில் கட்டினாலும் முழு விலைக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆகவே உங்கள் நால்வரின் முன்பணத்தை மட்டும் அட்டையில் கட்டி அந்த மாதமே அடைத்துவிட்டு, மீதியைச் சேமிப்பிலிருந்து கொடுத்தால் போதும். ஆனால் உறவினர் பணம் தராமல்போவதற்கு அந்தச் சட்டத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

செய்ய வேண்டியது, இந்த வாரமே உங்கள் கணவர் தன் அண்ணனிடமும் தங்கையிடமும் பேசுவது. நீங்கள் பேச வேண்டாம். மருமகள் கணக்குக் கேட்டாள் என்று அது வேறு கதையாகிவிடும். அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அண்ணா, எங்கள் அட்டையில் பாக்கி இருக்கிறது, அதனால் இந்த பிப்ரவரி நாங்கள் வரவில்லை. இனிமேல் எங்கே போனாலும் அவரவர் முன்பதிவு அவரவர் பெயரில் இருக்கட்டும்." அதே வாரம், அதே ஊர், பக்கத்துப் பக்கத்து வீடு என்றால் பிள்ளைகள் சேர்ந்து விளையாட ஒரு தடையும் இல்லை. பழைய 3,400-க்கு ஒவ்வொரு குடும்பமும் மாதம் 100 பவுண்டு வங்கியிலிருந்து தானாக வரும்படி வைக்கச் சொல்லுங்கள். மொத்தமாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், தரும்வரை இந்த நூறு வரட்டும் என்று பதில் சொல்லலாம். முகம் சுளிப்பார்களா? சில நாட்கள் சுளிக்கலாம். அதைத் தாங்கிக்கொள்வது நாலரை ஆண்டு வட்டி கட்டுவதைவிட எளிது.

உங்கள் கையிலிருப்பதை இப்படிப் பிரியுங்கள். 4,000 சேமிப்பில் 2,500-ஐ அட்டைக்குக் கட்டிவிடுங்கள். 1,500 அவசரத்துக்கு இருக்கட்டும். மிச்ச நிலுவை 3,700. அதை வட்டியில்லாமல் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும் புதிய அட்டை கிடைத்தால், 3% கட்டணம் சேர்த்துச் சுமார் 3,810. மாதம் 320 கட்டினால் ஒரே ஆண்டில் தீரும். கடன் தீரும்வரை புதிய அட்டையில் எதையும் வாங்கக் கூடாது, பழையதை மூடிவிட வேண்டும். இந்த இரண்டும் முடியாதென்றால் மாற்றவே வேண்டாம். 650-இல் மீதி 330 பயணத்துக்குச் சேரட்டும். பன்னிரண்டு மாதத்தில் 3,960. கடன் தீர்ந்த பிறகு முழு 650-ஐயும் மூன்று மாதம் சேர்த்தால் 5,900-ஐத் தாண்டிவிடும். உறவினர்கள் தரவேண்டிய 3,400-இல் ஒரு பவுண்டைக்கூட நான் இதில் சேர்க்கவில்லை. வந்தால் அது உங்கள் அவசரநிதி.

ஆகவே இந்த பிப்ரவரியில் போக வேண்டாம். அதற்கடுத்த ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் போகலாம். உங்களைத் தடுக்க எனக்கு விருப்பமில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பனியில் முதல் முறை வழுக்கி நிற்கும் மகிழ்ச்சியைப் பணக்கணக்கு மட்டும் வைத்து அளக்க முடியாது. ஈஸ்டரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரான்ஸ் தன் குளிர்கால விடுமுறையை மூன்று மண்டலங்களாகப் பிரித்து பிப்ரவரி, மார்ச் வாரங்களில் அடுத்தடுத்து விடுகிறது. பிரிட்டனின் ஹாஃப் டேர்மும் அதற்குள் வந்து மோதுவதால் ஆண்டிலேயே விலை உச்சத்தில் இருக்கும் வாரங்கள் அவை. வால் தொரான்ஸ் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பருவம் மே மாதத் தொடக்கம் வரை நீளும். தாழ்ந்த ஊர்களில் ஏப்ரலில் பனியை நம்பிப் பணம் கட்டுவது துணிச்சல். இங்கே அந்தக் கவலை குறைவு.

லிப்ட் பாஸிலும் ஒரு வார்த்தை. மெரிபெல், கூர்ஷவெல் எல்லாம் இணைந்த த்ருவா வாலே பகுதியில் 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதைகள் என்று விளம்பரம் செய்வார்கள். உண்மைதான். ஆனால் முதல் முறை போகிறவர்கள் முதல் மூன்று நாட்கள் தொடக்கநிலைச் சரிவை விட்டு நகரமாட்டார்கள். முழுப் பகுதிக்கான பாஸ் உங்களுக்குத் தேவையில்லை. அந்த ஊருக்கு மட்டுமான பாஸ் போதும். சாதனங்களை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்தால் கடையில் போய் நின்று எடுப்பதைவிடக் குறையும். அதற்கும் முன்னால், ஹெமல் ஹெம்ஸ்டெட், மில்டன் கீன்ஸ் போன்ற இடங்களில் உள்ளரங்கில் உண்மையான பனியில் பயிற்சி தருகிறார்கள். பிள்ளைகளை அங்கே ஓரிரு முறை அழைத்துப் போங்கள். குளிரும் கனத்த பூட்ஸும் பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. 5,600 கட்டிவிட்டு அதை மலையில் கண்டுபிடிக்க வேண்டாம்.

அபராதக் கணக்கில் நாத்தனார் நான்கில் ஒரு பங்கைத்தான் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தில் 80 பவுண்டு என்பது ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு. இரண்டு பெற்றோர், இரண்டு பிள்ளைகள் என்றால் 320. அதுவும் 21 நாட்களுக்குள் கட்டினால்; தவறினால் ஒவ்வொரு 80-உம் 160 ஆகும். மூன்று ஆண்டுக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாவது முறை வந்தால் நேராக 160. அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாட்கள் போனாலே இந்த வரம்புக்குள் வந்துவிடும், ஒரு வாரப் பயணம் சரியாக அவ்வளவுதான்.

காப்பீட்டை முன்பதிவு செய்த அன்றே எடுங்கள், பயணம் ரத்தானால் கிடைக்கும் பாதுகாப்பு அன்றிலிருந்தே தொடங்கும். உங்களிடம் ஜிஹெச்ஐசி (பிரிட்டன் தரும் உலகச் சுகாதாரக் காப்பீட்டு) அட்டை இருந்தால் அது பிரான்சின் அரசு மருத்துவத்துக்கு உதவும்; மலையிலிருந்து மீட்டுக் கீழே கொண்டுவரும் செலவையோ காயத்தோடு பிரிட்டனுக்குத் திரும்பும் செலவையோ ஏற்காது. சாதாரணப் பயணக் காப்பீட்டில் குளிர்கால விளையாட்டு பெரும்பாலும் இருக்காது, தனியாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். இதையும் ஒவ்வொரு குடும்பமும் தன் பெயரில், தன் பணத்தில் எடுக்கட்டும்.