வகுப்பறையில் ஜெமினி: திருகோணமலை ஆசிரியர்கள் கேட்டவை

கூகுளின் ஜெமினி போன்று, டிஜிட்டல் வகுப்பறைக் கருவிகளில் புதிதாக வந்துள்ள செயற்கை நுண்ணறிவு வசதிகள் பற்றி மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: சாதாரண தர வகுப்புக்கு விசை பற்றி 20 பல்தேர்வு வினாக்கள் வேண்டுமென்று ஜெமினியிடம் கேட்டேன். ஒரு நிமிடத்தில் தந்துவிட்டது. ஆனால் ‘நிறையின் அலகு கிலோகிராம்’ என்று விடை போட்டிருக்கிறது. அது பிழையா, நான் ஏதும் தவறாகக் கேட்டேனா?
– விஞ்ஞான ஆசிரியை, கிண்ணியா

பதில்: நீங்கள் கேட்டதில் தவறில்லை. அது தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழில் பதில் சொல்லியிருக்கிறது. அங்கே நிறை என்றால் கிலோகிராமில் அளப்பது, எடை என்றால் நியூட்டனில் அளப்பது. நம் இலங்கைப் பாடநூலில் கிலோகிராமில் அளப்பது திணிவு, நியூட்டனில் அளப்பது நிறை. ஒரே சொல் இரண்டு கரையிலும் இரண்டு பொருள் தருகிறது. இணையத்தில் கிடக்கும் தமிழ்ப் பாட எழுத்தில் பெரும்பங்கு அக்கரையுடையது என்பதால் கருவியும் அந்தப் பக்கமே சாய்கிறது. ‘5 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் எடை என்ன?’ என்ற வினா சென்னையில் சரி. கிண்ணியாவில் அது பிள்ளையின் அடிப்படையையே குழப்பிவிடும்.

ஒளிச்சேர்க்கை, செல், ஆக்சிஜன் என்று வந்தால் அது வேற்றூர்ச் சொல் என்று பிள்ளைக்கே தெரியும். ஒளித்தொகுப்பு, கலம், ஒட்சிசன் என்று நீங்களும் மாற்றிவிடுவீர்கள். அவற்றால் பெரிய ஆபத்தில்லை. பார்வைக்கு நம் சொல்லாகவே தெரிந்து, பொருள் மாறி நிற்பவைதான் ஆபத்து. நிறை ஒன்று, அழுத்தம் இன்னொன்று. அங்கே அழுத்தம் என்பது நாம் அமுக்கம் என்பது. நமக்கு அழுத்த வேறுபாடு மின்னியலில் வருவது. அங்கே திறன் என்பது நமக்கு வலு. முடுக்கம் நமக்கு ஆர்முடுகல்.

இதற்கு வழி, கேட்கும்போதே சொற்பட்டியலைக் கொடுப்பதுதான். ஓர் அலகுக்கு 15 முதல் 20 சொற்கள் போதும். ‘இலங்கைப் பாடத்திட்டச் சொற்களை மட்டும் பயன்படுத்துக: திணிவு கிலோகிராமில், நிறை நியூட்டனில், அமுக்கம் பஸ்காலில்’ என்று அலகோடு சேர்த்து எழுதுங்கள். சொல்லை மட்டும் கொடுத்தால் அது மறுபடி பழைய பொருளுக்கே போகும். அலகும் இருந்தால் தடுமாற்றம் வெகுவாகக் குறையும். பட்டியலைக் கைபேசியில் ஒரு குறிப்பாகச் சேமித்து, ஒவ்வொரு முறையும் ஒட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே வந்த தாளைத் திருத்துவதென்றால் தேடி மாற்றும் வசதியில் கவனம் தேவை. முதலில் ‘நிறை’யைத் ‘திணிவு’ ஆக்கி, அதன் பிறகே ‘எடை’யை ‘நிறை’ ஆக்க வேண்டும். வரிசை மாறினால் இரண்டுமே திணிவாகிவிடும். ‘எல்லாவற்றையும் மாற்று’ என்ற பொத்தானையும் அழுத்த வேண்டாம். ‘நிறைய’ என்ற சொல் ‘திணிவுய’ ஆகி நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

இருபது வினாவை ஒரேயடியாகக் கேட்காமல் ஐந்தைந்தாகக் கேளுங்கள். எண்ணிக்கை கூடக் கூட ஒரே கருத்தை வேறு சொல்லில் திருப்பித் தரும். பாடப்பகுதியையும் ஒட்டி, ஒவ்வொரு விடைக்கும் அதன் எந்த வரி ஆதாரம் என்று எழுதச் சொல்லுங்கள். தெரிவுகளில் சரியான விடை மட்டும் நீளமாக இருப்பது இக்கருவிகளின் வழக்கமான குறை. கெட்டிக்காரப் பிள்ளை பாடம் படிக்காமலே அதைப் பிடித்துவிடும். நீளத்தைச் சமப்படுத்துங்கள். கணிப்புள்ள வினா ஒவ்வொன்றையும் கையால் செய்து பார்த்த பிறகே அச்சிடுங்கள். உயர்தரத்துக்கு என்றால் 5 தெரிவுகள் வேண்டும் என்று சொல்ல மறக்க வேண்டாம். சொல்லாவிட்டால் பெரும்பாலும் 4 தான் வரும்.

கேள்வி: ஆசிரியர் வழிகாட்டியின் பீடிஎவ் கோப்பை, நாம் கொடுக்கும் கோப்பை வைத்துப் பதில் சொல்லும் கூகுளின் நோட்புக் எல்எம்மில் ஏற்றினேன். திரையில் அழகாகத் தெரிகிற புத்தகம்தான். ஆனால் கேள்வி கேட்டால் சம்பந்தமில்லாத பதில் வருகிறது. ஏன்?
– ஆசிரியர், மூதூர்

பதில்: பெரும்பாலும் காரணம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. கோப்பைத் திறந்து ஒரு வரியைப் பிரதி செய்து வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாக வந்தால் அது கருவிகளுக்குப் புரியும் யுனிகோட் எழுத்துமுறை, பிரச்சினை வேறு இடத்தில். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வந்தால் அது பாமினி. ‘தமிழ்’ என்ற சொல் பாமினியில் உண்மையில் ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் பூசிக் காட்டுகிறது. உங்கள் கண்ணுக்கு முகம் தெரியும். கருவிக்கு ஆங்கில எழுத்துகள் மட்டுமே தெரியும்.

இரண்டு வழி உண்டு. பாமினியை யுனிகோடாக மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. பந்தியைப் பிரதி செய்து ஒட்டினால் நொடியில் மாறும். ஆனால் இடையில் உள்ள உண்மையான ஆங்கில எழுத்தையும் சேர்த்தே அது தமிழாக்கிவிடும். காபனீரொட்சைட்டின் குறியீடான சீஓ2 ‘ஊழு2’ ஆகிவிடும். இரசாயனவியல், கணிதப் பக்கங்களுக்கு இந்த வழி கூடாது. வரலாறு, தமிழ், சமயம் போன்றவற்றுக்கு நல்லது.

மற்றது, எழுத்தைப் படமாக வாசிக்கச் செய்வது. தேவையான பக்கங்களைப் படமாகவோ சிறு பீடிஎவ்வாகவோ எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். கணினியில் அந்தக் கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, ‘ஓப்பன் வித்’ என்பதில் கூகுள் டொக்ஸைத் தெரிவு செய்தால் படத்துக்குக் கீழே எழுத்து வரும். கோப்பு 2 மெகாபைட்டுக்குள் இருக்கட்டும். படம் நேராகவும் நிழல் விழாமலும் இருக்க வேண்டும். ண, ன குழப்பமும், ‘ர’ என்பது துணைக்காலாக மாறுவதும் அடிக்கடி நேரும். இரண்டு நிரலாக அச்சிட்ட பக்கத்தில் வரிகள் குறுக்கே கலந்துவிடும். அப்படியான பக்கத்தை நடுவே வெட்டி இரண்டு படமாக ஏற்றுங்கள். அட்டவணைகளைக் கையால் தட்டச்சு செய்வதே விரைவு.

திருத்திய எழுத்தை அலகு வாரியாகச் சேமித்து நோட்புக் எல்எம்மில் ஏற்றுங்கள். இலவசக் கணக்கில் ஒரு நோட்புக்குக்கு 50 மூலங்கள் வரை சேர்க்கலாம். ஒரு தவணையின் எல்லா அலகுகளும் அடங்கும். பதிலில் வரும் சிறு எண்ணை அழுத்தினால் எந்த வரியிலிருந்து எடுத்தது என்று காட்டும். வகுப்புக்குப் போகுமுன் அந்த வரியைப் பார்த்துவிட வேண்டும். இவ்வளவு வேலையா என்று தோன்றலாம். ஒருமுறை சுத்தம் செய்த அலகு பாடத்திட்டம் மாறும்வரை உதவும். வலயத்தில் ஒரே பாடம் படிப்பிக்கும் ஐந்தாறு பேர் பங்கு போட்டுக்கொண்டால் இரண்டு வாரத்தில் ஒரு புத்தகம் முடியும்.

கேள்வி: கூகுள் கிளாஸ்ரூமில் ஜெமினி வந்திருக்கிறது என்கிறார்கள். என்னுடையதில் அந்தப் பகுதியே இல்லை.
– ஆரம்பப்பிரிவு ஆசிரியை, நிலாவெளி

பதில்: நீங்கள் சொந்த ஜீமெயிலில் வகுப்பு நடத்துகிறீர்களாக இருக்கும். அந்த வசதி, கல்வி நிறுவனங்களுக்கென்று உள்ள கூகுள் வேர்க்ஸ்பேஸ் ஃபோர் எடியூகேஷன் கணக்குகளுக்கு உரியது. 2025 ஜூனில் அதன் எல்லாப் பதிப்புகளுக்கும் இலவசமாகத் தருவதாக அறிவித்தார்கள். ஆசிரியருக்கு 18 வயது கடந்திருக்க வேண்டும், கணக்கின் நிர்வாகி அதைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். பாடசாலைக்கென்று ஓர் இணையப் பெயர் இருந்தால், அதிபர் மூலம் இலவசப் பதிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

அதுவரை ஜெமினியில் வினாவைத் தயாரித்து கூகுள் ஃபோம்ஸில் ஒட்டுங்கள். செட்டிங்ஸில் வினாடி வினாவாக்கும் தெரிவை இயக்கி, ஒவ்வொரு வினாவுக்கும் விடையைக் குறியுங்கள். ஒரு சொல்லில் எழுதும் விடையை அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ‘ஒட்சிசன்’ என்று நீங்கள் குறித்திருக்க, பிள்ளை ‘ஒக்சிசன்’ என்று எழுதினால் பூச்சியம்தான். ஏற்கத்தக்க எல்லா வடிவங்களையும் சேருங்கள், அல்லது பல்தேர்வாகவே வையுங்கள்.

கேள்வி: ஜெமினியிடம் ஒரு பாடவேளைக்கான திட்டம் எழுதச் சொன்னால் வேறெங்கோ இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு எழுதினதுபோல வருகிறது.
– புவியியல் ஆசிரியர், திருகோணமலை நகர்

பதில்: உங்கள் வகுப்பு அதற்குத் தெரியாது. பாடவேளை எத்தனை நிமிடம், எத்தனை பிள்ளைகள், என்ன உபகரணம் என்று முதலிலேயே எழுதுங்கள். ‘38 பேர், வெப்பமானி 2, புரொஜெக்டர் இல்லை’ என்ற ஒரு வரி திட்டத்தையே மாற்றிவிடும். கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளை வைத்துக் களப்பயிற்சி அமைக்கச் சொன்னால் குழுப் பிரிப்பு, பதிவுத்தாள், வரைபு வரையும் படிகள் எல்லாம் ஒழுங்காகத் தரும். கிணற்று நீரின் வெப்பநிலையை மட்டும் அதனிடம் கேட்க வேண்டாம். தெரியாவிட்டாலும் தசமத்தோடு ஓர் எண்ணைச் சொல்லும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். பிள்ளைகள் அளந்து நிரப்பட்டும்.

கேள்வி: ஒரு மாணவியின் ஆங்கிலக் கட்டுரையை, செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டறியும் தளத்தில் போட்டேன். 90 வீதம் இயந்திரம் எழுதியது என்கிறது. அவள் அழுகிறாள். எதை நம்புவது?
– ஆங்கில ஆசிரியை, உப்புவெளி

பதில்: அந்த எண்ணை வைத்து அவளைக் குற்றவாளி ஆக்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறிகருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியதாக அவை சொல்லின. எளிய சொல்லும் ஒரே மாதிரியான வாக்கியமும் இருந்தால் அவை சந்தேகப்படும். நம் பிள்ளைகள் படித்த ஆங்கிலம் அப்படித்தானே இருக்கும்.

அடுத்த ஒப்படையிலிருந்து, கிளாஸ்ரூமில் கூகுள் டொக்ஸை இணைக்கும்போது ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பிரதி என்ற தெரிவைக் கொடுங்கள். எழுதி முடிந்ததும் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் கட்டுரை எப்படி வளர்ந்தது என்று பார்க்கலாம். முழுப் பந்தியும் ஒரே நொடியில் வந்திருந்தால் விசாரிக்கலாம். அதுவும் முடிவான சாட்சியல்ல. கொப்பியில் எழுதிவிட்டுத் தட்டச்சு செய்தவர்களும், வேறு செயலியில் எழுதி ஒட்டியவர்களும் உண்டு. ஐந்து நிமிடம் அருகே இருத்தி, ‘இந்தச் சொல்லை ஏன் போட்டாய்?’ என்று கேளுங்கள். எழுதின பிள்ளை சொல்லும். இந்த மாணவியோடும் முதலில் அதைச் செய்யுங்கள்.

கேள்வி: விடைத்தாளைப் படம் பிடித்துப் போட்டுப் புள்ளியிடலாமா?
– ஆசிரியர், தம்பலகாமம்

பதில்: பெயர், சுட்டெண், பாடசாலை தெரியும் பகுதியை மறைக்காமல் போட வேண்டாம். சொந்தக் கணக்கில் இடும் உரையாடலை மனிதர்களும் பார்வையிட இடமுண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம் நாட்டில் இருக்கிறது. கையெழுத்துத் தமிழை வாசிப்பதில் இக்கருவிகள் இன்னும் நிறையத் தவறுகின்றன. புள்ளித்திட்டம் தயாரிக்கக் கேளுங்கள், புள்ளியை நீங்களே இடுங்கள்.

கேள்வி: வகுப்பில் சிக்னல் இல்லை. எங்களுக்கு இதனால் என்ன பயன்?
– ஆசிரியை, ஈச்சிலம்பற்று

பதில்: வகுப்பில் இணையம் வேண்டியதில்லை. சிக்னல் உள்ள இடத்தில் தயாரித்து எடுத்துப் போகலாம். வினாத்தாளை அச்சிடுங்கள். நோட்புக் எல்எம்மில் செட்டிங்ஸில் வெளியீட்டு மொழியைத் தமிழாக்கி, ஓர் அலகுக்கு ஒலி உரையாடல் தயாரிக்கலாம். இருவர் பேசிக்கொள்வதுபோல வரும். அதைக் கைபேசியில் இறக்கி, சிறு ஸ்பீக்கரில் போட்டால் போதும். முழுவதையும் முதலில் நீங்கள் கேளுங்கள். உச்சரிப்பும் சில சொற்களும் தமிழ்நாட்டுப் பாங்கில் வரும், சில இடத்தில் புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்துப் பேசும். அந்த நிமிடங்களைக் குறித்து வைத்து, அங்கே நிறுத்தி, ‘நம் புத்தகத்தில் இதற்கு என்ன சொல்?’ என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.