எங்கள் பகுதியில் நல்ல ஆசிரியர்கள் இருக்கும் அரசுப் பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

மகனை வரும் ஜூனில் முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும், அரசுப் பள்ளி என்று முடிவாகிவிட்டது, சுற்றுவட்டாரத்தில் உள்ள நான்கைந்து பள்ளிகளில் எங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு ஒரு வருடம் அலைந்தவள் என்பதால் எழுதுகிறேன். நான் முதலில் தவறான பள்ளியைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2023 பிப்ரவரியில் கணவரின் வேலை காரணமாகச் சென்னையிலிருந்து ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்தோம். மகள் அப்போது முதல் வகுப்பு. மீதி மாதங்களை வீட்டுக்கு அருகில் கிடைத்த பள்ளியில் ஓட்டிவிட்டு, ஜூனுக்காக விசாரித்தேன். பால்காரர், மளிகைக் கடைக்காரர், பக்கத்து வீட்டு அக்கா என எல்லோரும் ஒரே பள்ளியைச் சொன்னார்கள். அங்கே ஓர் ஆசிரியை இருக்கிறார், அவரிடம் போன பிள்ளை எழுத்துக்கூட்டாமல் படிக்கும் என்றார்கள். ஜூனில் சேர்த்தோம். முதல் நாளே தெரிந்தது, கோடை விடுமுறையில் நடந்த மாறுதல் கலந்தாய்வில் அந்த ஆசிரியை சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. இருந்த ஒருவரே மூன்று வகுப்புகளையும் பார்த்துக்கொண்டு, இடையிடையே கணினிப் பதிவுகளையும் முடிக்க வேண்டியிருந்தது.

அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் காலாண்டுத் தேர்வு நெருங்கியபோது மகளின் தமிழ் நோட்டைப் புரட்டிப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். 'பள்ளி' என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் 'பல்லி' என்று எழுதியிருந்தாள். எல்லாப் பக்கங்களிலும் மேலிருந்து கீழாக ஒரே சிவப்பு 'சரி' குறி. யாரும் அதைப் படிக்கவில்லை.

அன்று புரிந்துகொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அரசுப் பள்ளியின் நற்பெயர் பெரும்பாலும் ஒரு மனிதரின் நற்பெயர். அவர் மாறிப் போனாலும் பெயர் அங்கேயே இரண்டு மூன்று வருடம் தங்கியிருக்கும். அதனால் ஊரார் ஒரு பள்ளியைப் புகழ்ந்தால், 'யாரை வைத்துச் சொல்கிறீர்கள், அவர் இப்போதும் அங்கே இருக்கிறாரா?' என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். கலந்தாய்வு பெரும்பாலும் கோடையை ஒட்டி நடக்கும். அது முடிந்த பிறகு ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பணிநிரவலில் உபரி ஆசிரியர்களை வேறு பள்ளிக்கு அனுப்புவதும் உண்டு. பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் பள்ளியில் அந்த ஆபத்து அதிகம்.

தாளில் தெரியும் விவரங்களையும் பார்த்துவிடுங்கள், அதற்கு நேரம் அதிகம் ஆகாது. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் (அரசின் கல்வித் தகவல் தொகுப்பில் பள்ளியின் அடையாள எண்) இருக்கிறது. யூடைஸ் பிளஸ் தளத்தில் பள்ளியைத் தேடினால் மாணவர் எத்தனை, ஆசிரியர் எத்தனை என்று காட்டும். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே பேர் என்றால் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போகும் நாளில் மற்றவர்தான் எல்லாம். ஆகவே பட்டியலில் எத்தனை பேர் என்பதோடு, சாதாரண செவ்வாய்க்கிழமையில் எத்தனை பேர் வகுப்பில் நிற்கிறார்கள், யாராவது மாற்றுப்பணியில் வேறிடத்தில் இருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். இந்த எண்கள் ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லாது. அவருக்கு மூச்சுவிட இடம் இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும்.

மற்றதை நேரில்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை நான் அப்படித்தான் தேடினேன். செப்டம்பரில் மூன்று பள்ளிகளின் வாசலில் காலை எட்டு மணிக்கே போய் நின்றேன். அந்த ஆகஸ்ட் 25இலிருந்துதான் காலை உணவுத் திட்டம் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாகியிருந்தது. மூன்றாவது பள்ளியில் சுயஉதவிக் குழுப் பெண்கள் பரிமாறிக்கொண்டிருக்க, ஓர் ஆசிரியை பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார். பாதிச் சாப்பாட்டில் ஒரு பையன் ஓடி வந்தான். அவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டை நகர்த்தி இடம் கொடுத்துவிட்டு, வீட்டில் பாவு, அதாவது தறிக்கான நீள நூல், எடுத்துவைத்து முடிந்ததா என்று கேட்டார். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. அந்தப் பையன் ஏன் தாமதமாக வருகிறான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையின் வீட்டை அறிந்த ஆசிரியர் என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன். மீதியைப் பிறகு பார்த்தேன்.

தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு உள்ளே போங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சேர்க்கைக்கு வரும் பெற்றோரை அவர்கள் வரவேற்கவே செய்வார்கள். புதிய வண்ணத்தையும் சுவர் ஓவியத்தையும் கடந்து, நோட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் நோட்டைத்தான் முதலில் எடுத்துத் தருவார்கள், அது இயல்பு. பின்வரிசைப் பிள்ளையின் நோட்டையும் பார்க்கலாமா என்று பணிவாகக் கேளுங்கள். அந்த ஆசிரியை காட்டிய நோட்டில் 'அனில்' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அவர் 'னி'யின் கீழ் மட்டும் கோடிட்டிருந்தார். அதற்கடுத்து அந்தப் பிள்ளையே 'அணில்' என்று மூன்று முறை எழுதி, கீழே தேதியோடு ஆசிரியையின் கையெழுத்து. நான்கு நாள் கழித்து இன்னொரு பக்கத்தில் அதே சொல் மீண்டும் வந்தது, சரியாக. அந்த நான்கு நாளில்தான் கற்பித்தல் நடந்திருக்கிறது.

இன்னொரு கேள்வியும் எனக்கு உதவியது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவைக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். 'மூன்றாம் வகுப்பில் இன்னும் அரும்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?' என்று கேட்டேன். முதல் பள்ளியில், அப்படி யாரும் இல்லை என்றார்கள். இரண்டாவதில் பதிவேட்டைப் பார்த்து ஓர் எண் சொன்னார்கள். மூன்றாவதில் அந்த ஆசிரியை எதையும் பார்க்காமல் நான்கு பெயர்களைச் சொன்னார். ஒருத்திக்குக் கூட்டெழுத்து மட்டும் தடுக்கிறது, ஒருவனுக்குக் கண் பரிசோதனை செய்ய வேண்டும், இருவர் அண்ணன் தம்பி, வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்கள் என்று விளக்கினார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பின்தங்கிய பிள்ளை இல்லாத வகுப்பு எங்கும் கிடையாது. அந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தவர்தான் உங்கள் மகனையும் கவனிப்பார்.

ஆங்கில வழி என்ற பலகையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். சிறிய பள்ளிகளில் இரண்டு வழிக்கும் பாடம் சொல்பவர் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான். புத்தக அலமாரி பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு வரும் 'ஊஞ்சல்' இதழ் ஓரம் மடங்கிக் கசங்கிக் கிடந்தால் மகிழ்ச்சியடையுங்கள்.

நடுநிலைப் பள்ளியாக இருந்தால் எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு பற்றிக் கேளுங்கள். தேர்ச்சி பெற்றுத் தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000 ரூபாய் கிடைக்கிறது. நெசவாளி வீட்டுக்கு அது சிறிய தொகை இல்லை. இந்தத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய ஆசிரியர் பள்ளி நேரத்துக்கு மேலும் உழைக்க வேண்டும். அதனால் ஆண்டுதோறும் இரண்டு மூன்று பேராவது தேர்வாகும் பள்ளியில் மாலையில் வீட்டுக்கு அவசரப்படாத ஒருவர் இருக்கிறார் என்று நம்பலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அதில் உள்ள ஓர் அம்மாவைத் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். 'பள்ளி எப்படி?' என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். 'உங்கள் பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் யாராவது கேட்பார்களா?' என்று கேளுங்கள். எனக்கு ஒரு தாய், மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது ஆசிரியை இரண்டு முறை வீட்டு வாசல் வரை வந்துபோனதைச் சொன்னார்.

அக்டோபரில் காலாண்டு விடுமுறை முடிந்ததும் மகளை அங்கே மாற்றினோம். ஆண்டின் நடுவில் மாற்ற முடியுமா என்று பயந்தேன். கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால்கூடச் சேர்க்க மறுக்கக் கூடாது. ஆகவே முதல் முறை தவறினாலும் மகனின் ஒரு வருடம் வீணாகிவிடாது.

அண்மை ஆண்டுகளில் மார்ச்சிலேயே சேர்க்கையைத் தொடங்கிவிடுகிறார்கள். ஏப்ரல் இறுதிக்குமேல் போனால் பூட்டிய வகுப்பறையைத்தான் பார்ப்பீர்கள். பள்ளி நடக்கும் நாளில், காலை எட்டு மணிக்குப் போங்கள். நோட்டைப் புரட்டும்போது தேதிகளையும் பாருங்கள்.