ரோமப் பேரரசு எதுவரை பரவியிருந்தது? ஏன் அதற்கு மேல் போகவில்லை?

ரோமர் படை நிறுத்தி, வரி வாங்கி ஆண்ட நிலம்தான் ரோமப் பேரரசு. அது மிகப் பெரிதாக இருந்தது கி.பி. 117-இல், பேரரசர் டிராஜன் காலத்தின் முடிவில். மேற்கே ஸ்பெயின், வடக்கே பிரிட்டன், தெற்கே எகிப்து, கிழக்கே மெசபடோமியா (இன்றைய இராக் பக்கம்). நடுவில் மத்தியதரைக் கடல் முழுவதும் அவர்கள் கையில்.

சரி, ஏன் அங்கேயே நின்றது? அந்தக் கடல்தான் முக்கியக் காரணம் என்பேன். அந்தக் காலத்தில் தானியத்தைக் கப்பலில் கொண்டுபோவது மலிவு. மாட்டு வண்டியில் கொண்டுபோனால் செலவு எகிறிவிடும். கடலையும் ஆற்றையும் விட்டு விலக விலக, படைக்குச் சோறு போடுவதே பெரும்பாடு. ஆற்றுப் பாசனம் மாதிரிதான்: தலைமடையில் தண்ணீர் பெருகி ஓடும், கடைமடைக்கு வருவதற்குள் சுருங்கிவிடும்.

எதிர்ப்பும் இருந்தது. கி.பி. 9-இல் ஜெர்மானியக் காட்டில் மூன்று படையணிகள் அழிந்தன. அதன்பின் ரைன் நதியே எல்லையாக நிலைத்தது. டிராஜனுக்குப் பின் வந்த ஹேட்ரியன் மெசபடோமியாவை விட்டுவிட்டு, பிரிட்டனில் சுமார் 117 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். அந்தச் சுவருக்குப் பக்கத்தில், விண்டொலாண்டா கோட்டையில் மெல்லிய மரத்தகட்டில் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது: காலுறையும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பியதாக. குளிர்ந்த எல்லையில் நின்ற வீரனின் தேவை அதில் அப்படியே தெரிகிறது.

அப்புறம், கோவைப் பக்கம் ரோம நாணயங்கள் கிடைப்பதால் இங்கும் ரோமர் ஆண்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். வந்தது மிளகு வாங்கிய வணிகர்களின் காசு. ரோம ஆட்சி இந்தியாவில் எங்கும் இருந்ததில்லை.